நீல அட்டையில் இல்லாத மாத்திரைகள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இதற்கு முன் எழுதிய மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். இதையாவது தபாலில் சேர்க்க வேண்டும்.

நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சை அறைக்கு வெளியே பச்சை பெஞ்சில் ஆறு வாரம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவன். என் எண் பதினொன்று, உங்களுடையது பன்னிரண்டு. எடை அளவு ஆய்வாளராக முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் என்று சொன்னதும் எனக்குத் ‘தராசு’ என்று பெயர் வைத்தீர்கள்; லாரி ஓட்டும் உங்களை நான் ‘லாரி’ என்றேன். கடைசி நாளன்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் விலாசம் எழுதிக் கொடுத்தீர்கள். போனில் பேசலாம்தான். ஆனால் பேச்சில் இன்னும் சொற்கள் நழுவுகின்றன. நேற்று மருமகளிடம் கரண்டி கேட்க நினைத்துச் சாவி கேட்டேன். எழுதும்போது அவ்வளவு மோசமில்லை.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அன்று விழுந்தபோது பட்ட காயம் ஆறிவிட்டதா? லாரிப் பக்கம் போகவில்லையே?

எழுதக் காரணம், போன திங்கட்கிழமை ஆய்வு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வாராவாரம் பெஞ்சில் இருந்த எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்களே, அந்த ஆய்வு. தலைக்குக் கதிர் கொடுக்கும்போது, நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் எவ்வளவு குறைகின்றன என்று பார்க்கிறார்கள். உங்கள் வரைபடத்தையும் என் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இருவருக்கும் ஒரே அளவுக் கட்டி, ஒரே அளவுக் கதிர். என் கோடு மாடிப்படி இறங்குவதுபோல் முந்நூறுக்கு இறங்கியிருக்கிறது. உங்களுடையது, ஒரு வாரம் மட்டும் சறுக்கியதைத் தவிர, ஆயிரத்து முந்நூறிலேயே நிற்கிறது. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை, புரிந்துவிட்டதாகவும் நினைக்கிறார். அடுத்த மாதம் பெரிய டாக்டர்கள் கூட்டத்தில் அந்த இரண்டு கோடுகளையும் காட்டப் போகிறாராம்.

எனக்கு ஏன் என்று தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். டாக்டரம்மா கொடுத்த தேநீரை முழுவதும் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பதில் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் தவறாக நினைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பதினொன்றாம் எண்

*

மார்ச் 11

தராசு ஐயா,

லெட்டர் கண்டேன். என் வீட்டுக்காரி பிரிக்கிறதுக்கு முன்னாடி ‘கோர்ட் நோட்டீஸா’ன்னு கேட்டா. அவ்வளவு அழகா விலாசம் எழுதியிருக்கீங்க. என் கையெழுத்தைப் பாத்து சிரிக்காதீங்க. இடது பக்கம் பார்வை பாதி இல்ல. வரி எங்க ஆரம்பிக்குதுன்னு விரலை வெச்சுப் பாத்துப் பாத்து எழுதறேன். போன் வெளிச்சம் பட்டா தலை சுத்துது, அதனால எனக்கும் லெட்டர்தான்.

லாரியா? சாவியைக் கொண்டுபோய் எங்கயோ ஒளிச்சு வெச்சுட்டா. ஆறு மாசம் வலிப்பு வராம இருந்தாத்தான் மேல பேசணுமாம். பரவால்ல, வராது.

என்னையும் டாக்டரம்மா கூப்பிட்டாங்க. கோட்டைக் காட்டி, ‘உங்களுக்கு இரும்பு ரத்தம்’னாங்க. தலைக்குள்ள ஒரு பெரிய ரத்தக் குழாய் ஓடுதாமே, எனக்கு அதை விலக்கிக் கதிர் குடுத்தாங்களாம். அதனாலதான் அணு சாகலைன்னு அவங்க கணக்கு. நான் அந்தப் பேப்பரை ஒரு காப்பி கேட்டு வாங்கியாந்துட்டேன். சுவத்துல ஒட்டியிருக்கு. பாப்பா வர்றவங்களுக்கெல்லாம், ‘எங்கப்பா ரத்தம் கீழயே எறங்காது’ன்னு காட்டுது. நாலு வயசு, அதுக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்கும் அவ்வளவு தெரிஞ்சாப் போதும்.

நீங்க என்னமோ தெரியும் தெரியும்னு எழுதியிருக்கீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. உடம்பைப் பாத்துக்கங்க. முந்நூறெல்லாம் ஒரு நம்பரா? நல்லா சாப்பிடுங்க.

லாரி

*

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

சுவரில் ஒட்டியிருக்கிறது என்று படித்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

மூளை வீக்கத்துக்குக் கொடுத்த சிறிய வெள்ளை ஸ்டீராய்டு மாத்திரை நினைவிருக்கிறதா? முதல் வாரம் இருவருக்கும் நாளைக்கு மூன்று. இரண்டாம் வாரம் எனக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். உங்களுக்கு வீக்கம் அதிகம் என்று மூன்றையே தொடரச் சொன்னார்கள். குறைத்த மறுநாளே எனக்குத் தலைவலி திரும்பிவிட்டது, சொற்கள் போய்விட்டன. டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கோழை என்று நினைப்பார்களோ, கதிரையே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். உங்களுக்கு மாத்திரையால் முகம் வீங்கியது; பிடிக்கவில்லை. தினம் இரண்டை என்னிடம் கொடுத்தீர்கள். நான் வாங்கி என் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டேன்.

ஆக, நான் சாப்பிட்டது மூன்று. தினமும் மாத்திரைக் கணக்கு எழுத ஆஸ்பத்திரியில் கொடுத்த நீல அட்டையில் நான் எழுதியது ஒன்று. நீங்கள் சாப்பிட்டது ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. உங்கள் அட்டையில் எழுதியது மூன்று. நான்கு வாரம் இப்படி.

என் கட்டிக்கான கதிரின் அளவு உங்களுடையதைப் போலத்தான். வெள்ளை அணுக்களைக் குறைப்பது கதிர் மட்டுமல்ல, அந்த மாத்திரையும்தான். இதை நான் இப்போதுதான் மகனிடம் புத்தகம் வாங்கிவரச் சொல்லிப் படித்தேன். உங்கள் ரத்தம் இறங்காததற்குக் காரணம் இரும்பு அல்ல தம்பி, விலக்கிய குழாயும் அல்ல. நீங்கள் சாப்பிட வேண்டியதை நான் சாப்பிட்டேன்.

ஐந்தாம் வாரம் நீங்கள் தாழ்வாரத்தில் வலிப்பு வந்து விழுந்தீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது. நர்ஸ் மண்டியிட்டு, “மாத்திரை ஒழுங்கா போடறாரா? யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். நான் மூன்றடி தள்ளி நின்றேன். உங்கள் அன்றைய இரண்டு மாத்திரைகளும் என் சட்டைப் பையில், கண்ணாடிக் கூட்டில் இருந்தன. நான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டு நின்றேன். உங்களை வார்டில் சேர்த்து அதே மருந்தை ஊசியாகப் போட்டார்கள். நான்கு நாள் உங்களுக்குக் கதிர் தடைப்பட்டது.

இதை டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். உங்களைக் கேட்காமல் சொல்ல மனம் வரவில்லை.

பதினொன்று

*

மார்ச் 22

யோவ் பெரியவரே,

மரியாதை இல்லாம எழுதறேன், கோவத்துல இருக்கேன்.

எனக்குத் தெரியாதுன்னு எழுதினா, தெரியாதுன்னே விட்டுற வேண்டியதுதானே? படிச்ச மனுசன், உங்களுக்கு அது புரியலையா? வரிசை வரிசையா எழுதியிருக்கீங்க, குத்தப் பத்திரிகை மாதிரி. பாதியைப் படிச்சுட்டு வீட்டுக்காரி கையில சிக்காம லெட்டரை மெத்தைக்கு அடியில வெச்சேன். அவளுக்கு நான் மாத்திரை போடாததே தெரியாது.

எனக்கு மிச்சம் என்ன இருக்குன்னு நினைக்கறீங்க? வண்டி இல்ல. ஒரு பக்கம் கண்ணு இல்ல. தலையில முடி போன இடத்துல பாப்பா ஸ்டிக்கர் ஒட்டுது. ராத்திரி பகல் எந்நேரமும் ‘திரும்ப வருமா, திரும்ப வருமா’ன்னு ஒரே ஓட்டம். அந்தப் பேப்பரைப் பாத்தாத்தான் நிக்குது. ஒரு டாக்டர் சொன்னாங்க, என் ரத்தம் கீழ எறங்காதுன்னு. அது ஒண்ணுதான் இருக்கு எங்கிட்ட. அதையும் வந்து புடுங்கிட்டுப் போகணுமா?

நீங்க சொல்லிட்டு நிம்மதியா தூங்குவீங்க. நான்?

சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா அப்படி ஒண்ணும் நடக்கலைன்னு நான் சொல்லுவேன். உங்களுக்குத்தான் கரண்டிக்கும் சாவிக்கும் வித்தியாசம் தெரியலையே, யாரு நம்புவா?

*

மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

சொல்லமாட்டேன்.

உங்கள் கடிதத்தில் நியாயம் இருக்கிறது. என் தூக்கத்துக்காக உங்கள் சுவரைச் சுரண்ட எனக்கு உரிமை இல்லை. இப்படி நினைத்ததும் எனக்குப் பெரிய நிம்மதி வந்தது. வந்த வேகத்தைப் பார்த்தே அதைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

வேலையில் இருந்தபோது, அளவு குறைந்த எடைக்கல் கிடைத்தால் ஒன்று செய்வோம். கல்லின் அடியில் ஈயம் ஊற்றிய குழி இருக்கும், அதில்தான் அரசு முத்திரை. அதை உளியால் குறுக்கே இரண்டு கோடு வெட்டிச் செல்லாததாக்குவோம். கடைக்காரர்கள் கெஞ்சுவார்கள். “ஐயா, இன்னிக்கு ஒரு நாள் விடுங்க” என்பார்கள். கேட்டுக்கொண்டே வெட்டிவிடுவேன். என்னைக் கண்டிப்பானவன் என்றார்கள். உண்மையில் வெட்டாவிட்டால் மேலதிகாரி கேட்பாரே என்ற பயம்தான். இப்போது கேட்க யாரும் இல்லை. அதனால் வெட்டவில்லை.

வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். எண்ணிக்கை நானூற்று இருபதாம். மாத்திரையை டாக்டர் சொன்னபடி குறைத்துக்கொண்டு வருகிறேன், உண்மையாகவே.

உங்களுக்குப் பேசப் பிடிக்காவிட்டால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

பதினொன்று

*

ஏப்ரல் 9

தராசு ஐயா,

சொல்லிட்டேன்.

திட்டாதீங்க, இருங்க, எப்படின்னு சொல்றேன். திங்கக்கிழமை ஸ்கேன் எடுக்கப் போனேன். நம்ம பச்சை பெஞ்சுல புது ஆளுங்க. என் எடத்துல ஒரு டீச்சரம்மா, சின்ன வயசு. மடியில விடைத்தாள் கட்டு, திருத்திக்கிட்டே இருக்காங்க. மொகத்துல, தலை அசையாம இருக்கப் போடுவாங்களே அந்த வலை முகமூடி, அது பதிஞ்ச கட்டம் கட்டமா கோடு. என்னைப் பாத்துட்டு மெஷின் அறைப் பொண்ணு, “இவருதான் அந்த இரும்பு ரத்தம்”னு சொல்லிட்டா. டீச்சர் எழுந்து நின்னுட்டாங்க ஐயா. எனக்கு!

“உங்களுக்குப் பண்ணின மாதிரியே எனக்கும் பண்ணப் போறாங்களாம் சார். அந்தக் குழாயை விலக்கி. கட்டியோட ஓரத்துல கொஞ்சம் விட்டுப்போகுமாம், பரவால்லன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். உங்களைப் பாத்ததும் தைரியமா இருக்கு”ன்னாங்க.

ஓரத்துல கொஞ்சம் விட்டுப்போகுமாம். என்னைப் பாத்து. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எல்லாம் நல்லபடியா நடக்கும்”னேன். சொல்லிட்டு பாத்ரூம்ல போய் தண்ணியைத் திறந்துவிட்டு நின்னேன். நாக்கைப் புடுங்கிக்கிட்டு சாகலாம் போல இருந்துச்சு.

அப்புறம் நேரா டாக்டரம்மா ரூம். அவங்க கத்துவாங்கன்னு பாத்தா, மெதுவா என் கோட்டை எடுத்து வெச்சாங்க. அஞ்சாவது வாரம் வார்டுல ஊசி போட்டப்ப மட்டும் என் ரத்தம் சடார்னு எறங்கியிருக்கு. “இது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு, பெருசா எடுத்துக்காம விட்டுட்டேன்”னு சொல்லிட்டுக் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சாங்க. அவங்களுக்கும் வெட்கம். மூணு வருச வேலை. டீச்சருக்குப் பழைய முறையிலயே, ஓரத்தையும் சேத்துக் கதிர் குடுக்கச் சொல்லி நான் அங்க இருக்கறப்பவே போன் பண்ணிட்டாங்க. நம்ம ரெண்டு பேரையும் ஆய்விலேர்ந்து எடுத்துட்டாங்க.

உங்களைப் பத்தி நல்லாத்தான் சொல்லியிருக்கேன். நானாத்தான் உங்க பையில திணிச்சேன், நீங்க வேண்டாம் வேண்டாம்னு சொன்னீங்க, பயந்த சுபாவம், தட்ட முடியலைன்னேன். வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு அசிங்கம்? கூப்பிட்டா தலையாட்டிட்டு வாங்க, போதும்.

லாரி

*

ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

கூப்பிட்டார்கள். போனேன்.

டாக்டரம்மா, “அவர் எல்லாம் சொல்லிட்டார். உங்களால மறுக்க முடியல, அப்படித்தானே?” என்றார். நான் தலையாட்டினேன். நீங்கள் சொன்னபடியே. “உங்க மேல எனக்குக் கோபம் இல்ல” என்றார். நன்றி என்று சொல்லி, நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். பேருந்து வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தேன். நடத்துநர், “ஏறுறீங்களா, எறங்குறீங்களா பெரியவரே?” என்றார். இறங்கினேன்.

திரும்பிப் போனபோது அவர் அறைக்கு வெளியே ஒன்பது பேர் வரிசை. என் வாழ்நாளில் நான் ஒரு வரிசையையும் மீறியதில்லை. அன்று மீறினேன். ஓர் அம்மாள், “ஏன், நாங்கல்லாம் மனுசங்களாத் தெரியலையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

உள்ளே போய்ச் சொன்னதை உங்களிடமும் சொல்ல வேண்டும். நீங்கள் இதை உண்மையிலேயே மறந்துவிட்டீர்களா, எனக்காக மறந்ததுபோல் இருக்கிறீர்களா என்று தெரியவில்லை. என் மார்ச் மாதக் கடிதத்தில், ‘உங்களுக்கு முகம் வீங்கியது, பிடிக்கவில்லை, கொடுத்தீர்கள், வாங்கிக்கொண்டேன்’ என்று எழுதினேன். அந்த வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்து எழுத எனக்கு அரை நாள் ஆயிற்று. நடந்தது அதுவல்ல.

இரண்டாம் வாரம் புதன்கிழமை. எனக்குத் தலைவலி பொறுக்க முடியவில்லை. நீங்கள் மருந்துப் பட்டையிலிருந்து மூன்று மாத்திரைகளைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்திருந்தீர்கள். உங்கள் முகம் அப்போது கொஞ்சம்தான் வீங்கியிருந்தது. நீங்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நான்தான் சொன்னேன்: “முகம் ரொம்ப வீங்கிடுச்சே தம்பி. வீட்டில் பாப்பாவுக்கு உங்களை அடையாளம் தெரியுதா?” நீங்கள் சிரிப்பதை நிறுத்தினீர்கள். “எதனால ஐயா?” என்று கேட்டீர்கள். இந்த மாத்திரையால்தான் என்றேன். மறுநாள் வந்ததும், பாப்பா உங்களிடம் வர மறுத்து அழுதது என்றீர்கள். உங்கள் கை மாத்திரையை வாயருகே கொண்டுபோய்த் தயங்கியது. அப்போது நான் என் கையை நீட்டினேன். “வேண்டாம்னா வீணாக்காதீங்க, எங்கிட்டக் குடுங்க” என்றேன்.

அன்று சொற்கள் ஒன்றுகூட எனக்கு நழுவவில்லை.

பாப்பாவைச் சொன்னால் நீங்கள் நிறுத்துவீர்கள் என்று எனக்குத் தெரியும். முழுதாகத் திட்டம் போட்டேன் என்று சொல்ல முடியாது. திட்டம் போடவில்லை என்றும் சொல்ல முடியாது. வீக்கம் அதிகமாக இருந்தவர் நீங்கள். உங்களுக்கு அந்த மாத்திரை எதற்கு என்றும் எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னேன். முதல் முறை கோபம் இல்லை என்றவர், இம்முறை ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார். எழுதிக்கொண்டார். என் நீல அட்டையைக் கேட்டு வாங்கி, ஆஸ்பத்திரி முத்திரை இருந்த இடத்தில் குறுக்கே இரண்டு கோடு போட்டேன். கீழே நாள்வாரியாக உண்மைக் கணக்கை எழுதிக் கொடுத்தேன். நினைவிலிருந்த வரை. இருபத்தெட்டு நாள், உங்கள் ஐம்பத்தாறு மாத்திரை. ஊசி போட்ட நாள்களைக் கழித்தால் நாற்பத்தெட்டு.

மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை அமையவில்லை. இது சொல் நழுவுவது அல்ல.

பதினொன்று

*

மே 8

தராசு ஐயாவுக்கு,

லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு. பதில் போடக் கூடாதுன்னுதான் இருந்தேன்.

மறக்கல. நீங்க கையை நீட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. பெரிய மனுசன் கையை நீட்டிட்டாரே, வெச்சுட்டுப் போவோம்னு வெச்சேன். ஆனா பாப்பா விஷயத்தை வேணும்னே சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது. அது இப்பத்தான் தெரியும். அன்னிக்குப் பாப்பா அழுதது என் மூஞ்சியைப் பாத்து இல்ல. அதுக்குக் காது வலி. மறுநாளே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறமும் நான்தான் மாத்திரையைத் தொடல. அந்தக் கணக்கு என்னுது, அதையும் சேத்து நீங்களே தூக்கிட்டுப் போகாதீங்க.

மன்னிக்கறதைப் பத்திக் கேக்காதீங்க. இன்னும் முடிவு பண்ணல. சில நாள் உங்களை நினைச்சா சிரிப்பு வருது. சில நாள் அந்தக் கண்ணாடிக் கூட்டை ஓங்கி மிதிக்கணும் போல இருக்கு.

வீட்டுக்காரிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள்லேர்ந்து மாத்திரையை அவளே வாயில போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாக்கறா. மொகம் இப்ப நல்லாவே வீங்கிடுச்சு. பாப்பா ரெண்டு கன்னத்தையும் அமுக்கி, பந்துன்னு சொல்லிச் சிரிக்குது. ஒரு தடவைகூட அழல.

ரத்தம் பாத்தாங்க. அறுநூத்தி அம்பது. எல்லாரையும் மாதிரி. ஸ்கேன்ல இப்போதைக்கு ஒண்ணும் இல்ல, மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னாங்க. டீச்சரம்மாவைப் பாத்தேன். பாதி முடிஞ்சிருச்சாம். அவங்களுக்கும் எண்ணிக்கை எறங்கியிருக்கு. ‘உங்க மாதிரி இரும்பு இல்ல சார்’னாங்க. எனக்கும் இல்லம்மான்னு சொல்லி, எல்லாத்தையும் சொன்னேன். கேட்டு முடிக்கிற வரைக்கும் பேனாவை மூடி வெச்சிருந்தாங்க. அப்புறம் ஒரு விடைத்தாளை எடுத்துக்கிட்டுத் திருத்த ஆரம்பிச்சாங்க.

சுவத்துல அந்தப் பேப்பர் இன்னும் இருக்கு. நாலு தடவை கிழிக்கப் போனேன், முடியல. பாப்பா வேற, யாரு வந்தாலும் காட்டுது. நேத்து பேனாவை எடுத்து நீங்க சொன்ன மாதிரி குறுக்கே ரெண்டு கோடு போடலாம்னு பாத்தேன். இடது பக்கம் தெரியாம கோடு சுவத்துக்கு ஓடிருச்சு.

இருபதாம் தேதி எனக்கு ரத்தம் எடுக்கற நாள். உங்களுக்கும் அன்னிக்குத்தான்னு நர்ஸ் சொன்னாங்க. முடிஞ்சதும் என்கூட வீட்டுக்கு வாங்க. உங்க மாத்திரையை நீங்க கொண்டாங்க. பேனாவும் கொண்டாங்க. அந்த ரெண்டு கோட்டை நீங்களே வந்து போட்டுட்டுப் போங்க.

பன்னெண்டு